கெட்ட நாளுக்கு மறுநாள்

சென்ற இதழில் ஓர் அறிவிப்பு செய்திருந்தேன். டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் வெவ்வேறு காலங்களில் புகழ்பெற்ற 12 பேரை ஒரே வரிசையில் நிறுத்தி, நாளுக்கு ஒன்றாக 21 கட்டங்கள் கொண்ட ஒரு பந்தயத்தை என் வீட்டு மேசையில் பகடை உருட்டி நடத்தப்போகிறேன் என்று. களமிறங்குகிறவர்கள்: இத்தாலியின் ஜீனோ பார்த்தாலி, ஃபவுஸ்டோ கோப்பி, லக்சம்பர்கின் ஷார்லி கோல், பிரான்சின் ழாக் அங்க்தில், ரேமோன் புலிதோர், பெர்னார் இனோ, லோரான் ஃபின்யோன், பெல்ஜியத்தின் எடி மெர்க்ஸ், ஸ்பெயினின் லூயிஸ் ஒகான்யா, அமெரிக்காவின் கிரெக் லெமண்ட், டென்மார்க்கின் யோனாஸ் விங்கெகோர், ஸ்லோவேனியாவின் டடேய் பொகாச்சர். யார் வெல்வார் என்று எழுதுங்கள் என்று கேட்டிருந்தேன். வந்த கடிதங்களில் பாதி, யார் வெல்வார் என்பதைவிட நான் போட்டிருக்கும் எண்கள் சரியா என்றுதான் கேட்கின்றன. மகிழ்ச்சி. 34 ஆண்டுகள் கணக்கு ஆசிரியையாக இருந்தவளுக்கு இதைவிட நல்ல கடிதங்கள் வராது.

சென்ற இதழ் கிடைக்கவில்லை. பகடையை வைத்து மூன்று வாரப் பந்தயத்தை எப்படி நடத்த முடியும்? கொஞ்சம் விளக்குங்கள், டீச்சர்.
— கல்லூரி மாணவி, கும்பகோணம்

சிறுவயதில் புத்தக கிரிக்கெட் ஆடியிருப்பீர்கள். புத்தகத்தைத் திறந்து, இடப்பக்க எண்ணின் கடைசி இலக்கம்தான் ரன். அதில் கவாஸ்கரும் பதினோராவது ஆட்டக்காரரும் ஒன்றுதான். எனக்கு அப்போதே அது உறுத்தியது. தெரிந்த ஒரு மனிதரின் பெயரை எழுதிவிட்டு, அவர் யார் என்பதைக் கணக்கில் சேர்க்காமல் விட்டால் அந்தப் பெயர் எதற்கு?

என் பந்தயத்தில் ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை. அதில் ஐந்து எண்கள். மலையேற்றம், தனியாகக் கடிகாரத்தோடு ஓடும் நேர ஓட்டம், சமதளம் ஆகியவை முதல் மூன்று. ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு பகடைகளை உருட்டி, கூட்டுத்தொகையோடு அந்தக் கட்டத்துக்குரிய எண்ணைச் சேர்ப்பேன். மலைக் கட்டத்தில் ஒரு புள்ளி வித்தியாசம் 20 விநாடி. நேர ஓட்டத்தில் 10 விநாடி. சமதளத்தில் எல்லோரும் கூட்டமாக ஓடுவதால் அநேகமாக ஒன்றுமில்லை. முன்னே செல்பவரின் முதுகுக்குப் பின்னால் காற்று மறைவில் ஓடுகிறவருக்கு உழைப்பு வெகுவாகக் குறைந்துவிடும். அங்கே யாரையும் எளிதில் உதறிவிட முடியாது.

நான்காவது எண்தான் முக்கியம். இரண்டு பகடையிலும் ஒன்று விழுந்தால் அது அவருக்குக் கெட்ட நாள். அன்று அவர் எத்தனை நிமிடம் இழப்பார் என்பதை அவரவர் அட்டை சொல்லும். இரண்டிலும் ஒன்று விழும் வாய்ப்பு 36இல் ஒன்று. அபூர்வம் என்று தோன்றும். ஆனால் 35/36ஐ 21 முறை தன்னோடு பெருக்கிப் பாருங்கள். 0.55 வரும். அதாவது 21 கட்டங்களில் ஒரு கெட்ட நாளாவது வந்து சேர நூற்றுக்கு 45 வாய்ப்பு இருக்கிறது. 12 பேரில் ஐந்து பேராவது அதில் சிக்குவார்கள் என்று எதிர்பார்க்கலாம். உண்மைப் பந்தயத்தைப் பார்த்தவர்களுக்கு இது மிகையாகத் தோன்றாது.

ஐந்தாவது எண்ணுக்கு நான் வைத்திருக்கும் பெயர் ‘மறுநாள்’. கெட்ட நாளுக்கு அடுத்த மூன்று கட்டங்களில் அவர் பகடையோடு இந்த எண்ணும் சேரும். இதைப் பற்றிக் கீழே நிறையவே எழுதப்போகிறேன்.

கோப்பியின் காலத்துச் சைக்கிள் எங்கே, இன்றைய சைக்கிள் எங்கே? இவர்களை ஒன்றாக ஓடவிடுவது நியாயமா?
— ஓய்வுபெற்ற இயந்திரப் பணியாளர், விருதுநகர்

எல்லோருக்கும் இன்றைய சைக்கிளைக் கொடுத்துவிட்டேன். சர்வதேச சைக்கிள் சங்கத்தின் விதிப்படி பந்தயச் சைக்கிள் 6.8 கிலோவுக்குக் குறையக் கூடாது. அந்த எடையையே எல்லோருக்கும் வைத்துக்கொண்டேன்.

இதனால் யாருக்கு எவ்வளவு லாபம் என்று போட்டுப் பார்த்தேன். ஆல்ப்ஸ் மலையில் அல்ப் துவே என்ற ஏற்றம் இருக்கிறது. 13.8 கிலோமீட்டர், 21 கொண்டை ஊசி வளைவுகள், நூறு மீட்டருக்கு எட்டு மீட்டர் உயரம். 1952இல் பந்தயம் முதல்முறை அங்கே ஏறியபோது வென்றவர் கோப்பி. ஏறிய நேரம் 45 நிமிடத்தை ஒட்டியது என்பார்கள். அவருடைய சைக்கிள் பத்து கிலோவை ஒட்டியிருந்தது என்று வைத்துக்கொள்வோம். மனிதர், உடை, சைக்கிள் எல்லாம் சேர்த்து 80 கிலோவில் 3 கிலோ குறைந்தால் ஏறக்குறைய நூற்றுக்கு நான்கு பங்கு. செங்குத்தான ஏற்றத்தில் உழைப்பின் பெரும்பகுதி எடையைத் தூக்கவே செலவாகிறது. ஆகவே ஒன்றரை நிமிடம் மிச்சம். சைக்கிளால் மட்டும் இவ்வளவு. சாலையும் உணவும் பயிற்சியும் தனிக் கணக்கு.

இதனால்தான் கடிகார நேரங்களை நேராக ஒப்பிடுவதில்லை. ஒரு மணி நேரத்தில் கோப்பி 1942இல் 45.798 கிலோமீட்டர் ஓடினார்; மெர்க்ஸ் 1972இல் 49.431. கோப்பி ஓடியது மிலானில். மெர்க்ஸ் ஓடியது கடல்மட்டத்துக்கு இரண்டாயிரம் மீட்டருக்கும் மேலே, காற்று மெலிந்த மெக்சிகோ நகரில். இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் மூன்றரை கிலோமீட்டர் என்ற வித்தியாசம் கிடைக்கும், மனிதர்கள் கிடைக்க மாட்டார்கள். அதனால் தன் காலத்தில் கூட ஓடியவர்களை ஒருவர் எவ்வளவு தூரம் விட்டுச் சென்றார் என்பதை வைத்தே முதல் மூன்று எண்களைப் போட்டேன். 1952இல் கோப்பிக்கும் இரண்டாவது வந்தவருக்கும் இடைவெளி 28 நிமிடம் 17 விநாடி. 1969இல் மெர்க்ஸுக்கு 17 நிமிடம் 54 விநாடி. 2024இல் பொகாச்சருக்கு 6 நிமிடம் 17 விநாடி. காலம் செல்லச் செல்ல இடைவெளி சுருங்குவதற்குக் காரணம் முதலில் வருகிறவர் பலவீனமானது அல்ல. பின்னால் வருகிறவர்கள் பலமானதுதான். அதற்கும் ஈடு கொடுத்திருக்கிறேன்.

இதற்கெல்லாம் கணினி விளையாட்டு இருக்கிறதே. ஏன் பகடை?
— மென்பொருள் பணியாளர், கோயம்புத்தூர்

பிரான்சின் சயனைட் நிறுவனம் ஆண்டுதோறும் வெளியிடும் ‘புரோ சைக்கிளிங் மேனேஜர்’ விளையாட்டைச் சொல்கிறீர்கள். என் பேரன் வீட்டில் பார்த்திருக்கிறேன். மலை, குன்று, நேர ஓட்டம், இறக்கம், தாக்குப்பிடிக்கும் தன்மை, மீண்டெழும் தன்மை என்று ஒவ்வொரு வீரருக்கும் பல எண்களைக் கொடுத்திருக்கிறார்கள். நல்ல வேலை. ரசிகர்கள் பழைய வீரர்களைச் சேர்த்து உருவாக்கிய பட்டியல்களும் உண்டு. ஆனால் அங்கே எண்ணை வேறொருவர் போட்டுவிட்டார். எனக்கு வேண்டியது எண்ணைப் போடும் அந்த வேலை. ஒகான்யாவின் மலையேற்றத்துக்கு எட்டா ஒன்பதா என்று முடிவெடுக்க அவர் வாழ்க்கையையே படிக்க வேண்டியிருந்தது.

மெர்க்ஸின் கெட்ட நாளுக்கு இரண்டு நிமிடம்தான் விலை என்று சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். 1971ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் தேதியை மறந்துவிட்டீர்களா?
— பள்ளி உடற்கல்வி ஆசிரியர், திண்டுக்கல்

மறக்கவில்லை, தவறாக ஒதுக்கிவிட்டேன். நீங்கள் சொல்வது சரி.

மற்ற வாசகர்களுக்காக: நான் எடுத்துக்கொண்டது 1975ஆம் ஆண்டு ஜூலை 13. நீஸ் நகரிலிருந்து ப்ரா லூ மலை வரையான கட்டம். இரண்டு நாள் முன்பு புய் த தோம் மலையில் ஒரு பார்வையாளர் மெர்க்ஸின் வயிற்றில் குத்தியிருந்தார். அந்த வலியோடு ப்ரா லூவில் முன்னணியில் ஏறிக்கொண்டிருந்தவர், கடைசிச் சில கிலோமீட்டரில் அப்படியே உறைந்துபோனார். பெர்னார் தெவனே அவரைக் கடந்து சென்று கட்டத்தையும், மொத்த நேரத்தில் முதலிடத்தில் இருப்பவர் அணியும் மஞ்சள் ஜெர்சியையும் எடுத்துக்கொண்டார். இழப்பு 1 நிமிடம் 56 விநாடி. ஐந்துமுறை டூரை வென்ற மெர்க்ஸ் அதன்பின் மஞ்சள் ஜெர்சியை அணியவே இல்லை.

நீங்கள் சொல்லும் 1971 கட்டத்தில், ஓர்சியேர்-மெர்லெத் மலையில், ஒகான்யா தனியே பிரிந்து சென்று மெர்க்ஸை 8 நிமிடம் 42 விநாடி பின்னே தள்ளினார். அன்று மெர்க்ஸ் மூன்றாவதாக வந்தவர் என்பதால், அதை ஒகான்யாவின் மகத்தான நாள் என்று எழுதி மெர்க்ஸின் கெட்ட நாள் கணக்கிலிருந்து நீக்கியிருந்தேன். உங்கள் கடிதத்தைப் படித்தபின் அது எனக்கு வேண்டியவருக்கு நான் செய்த சலுகை என்று புரிகிறது. இரண்டையும் கூட்டிச் சராசரி எடுத்தால் 5 நிமிடம் 19 விநாடி. அட்டையைத் திருத்திவிட்டேன்.

ஆனால் 1971இல் அதற்கடுத்து நடந்ததையும் பாருங்கள். ஒரு நாள் ஓய்வு. அதன்பின் மார்செய் வரை சுமார் 250 கிலோமீட்டர் கட்டம், தொடக்கமே மலை இறக்கம். கொடி இறங்கியதும் மெர்க்ஸ் தன் அணியினரோடு பாய்ந்தார். நாள் முழுவதும் ஓயவில்லை. அவர்கள் குறித்த நேரத்துக்கு வெகு முன்னதாக மார்செய் வந்து சேர்ந்ததால் வரவேற்பு ஏற்பாடுகளே தயாராக இருக்கவில்லை. இத்தனை உழைப்புக்கும் திரும்பக் கிடைத்தது இரண்டு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. எட்டே முக்கால் நிமிடத்தை இழந்தவன் இரண்டு நிமிடத்துக்காக இப்படி ஓடுவானா என்று யோசித்தபோதுதான் எனக்கு ‘மறுநாள்’ என்ற ஐந்தாவது எண்ணே தோன்றியது. 1975இல் மறுநாள் அவருக்குக் கைகொடுக்கவில்லை. இஸுவார் மலையில் தெவனே மேலும் இரண்டு நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டார். பிறகு ஒரு விபத்தில் கன்ன எலும்பு முறிந்தும் மெர்க்ஸ் பாரிஸ் வரை ஓடி இரண்டாவதாக வந்தார். அதனால் அவருடைய மறுநாள் எண்ணுக்கு முழு மதிப்பெண் கொடுக்காமல், அதற்கு ஒன்று குறைவாகக் கொடுத்திருக்கிறேன்.

ஒகான்யாவைப் பற்றி ஒரு வரி. அதே 1971இல் மஞ்சள் ஜெர்சியோடு, மெர்க்ஸைவிட ஏழு நிமிடத்துக்கு மேல் முன்னிலையில் இருந்தவர், ஜூலை 12 அன்று மான்தே கணவாயின் இறக்கத்தில், ஆலங்கட்டி மழையில் விழுந்தார். எழ முயன்றபோது பின்னால் வந்தவர் மோதினார். ஹெலிகாப்டரில் கொண்டுசென்றார்கள். மெர்க்ஸ் அடுத்த நாள் மஞ்சள் ஜெர்சியை அணிய மறுத்தார். ஒகான்யா 1973இல் டூரை வென்றார் என்றாலும், மழை இறக்கத்தில் அவர் அட்டையில் ஓர் அபாயக் குறி இருக்கிறது. அதை எழுத எனக்குக் கை வரவில்லை, ஆனாலும் எழுதினேன்.

பொகாச்சரா, விங்கெகோரா? என் வகுப்பே இரண்டு கட்சியாகப் பிரிந்திருக்கிறது!
— பன்னிரண்டாம் வகுப்பு மாணவர், நாகர்கோவில்

உங்கள் வகுப்பை ஒன்றுசேர்க்க என்னால் முடியாது. எண்களைத் தருகிறேன்.

பொகாச்சர் 2020, 2021, 2024, 2025 ஆண்டுகளில் வென்றவர். கெட்ட நாள்கள் இரண்டு. 2022ஆம் ஆண்டு ஜூலை 13, க்ரனோன் கணவாய்: விங்கெகோரிடம் 2 நிமிடம் 51 விநாடி இழந்தார். (மெர்க்ஸ் ப்ரா லூவில் வீழ்ந்ததும் ஜூலை 13தான் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.) 2023இல் லோஸ் கணவாய்: 5 நிமிடம் 45 விநாடி. சராசரி 4 நிமிடம் 18 விநாடி. மெர்க்ஸைவிட மலிவு. மறுநாள் எண்ணும் உயர்வு. க்ரனோனுக்கு அடுத்த நாளே அல்ப் துவேயில் முதலில் தாக்கியவர் அவர்தான். லோஸுக்கு மூன்று நாள் கழித்து மார்க்ஸ்டைனில் கட்டத்தை வென்றார். அந்த ஆண்டு ஏப்ரலில் மணிக்கட்டு எலும்பு முறிந்து வந்தவர் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

விங்கெகோர் 2022, 2023இல் வென்றவர். மலையே இல்லாத டென்மார்க்கின் ஹான்ஸ்ட்ஹோல்ம் துறைமுகத்தில், மீன் வேலை பார்த்துக்கொண்டே ஓடிப் பழகியவர். கெட்ட நாள் என்று எடுத்துக்கொள்ள ஒன்றுதான் கிடைத்தது: 2025இல் ஒதகாம் மலையில் பொகாச்சரிடம் 2 நிமிடம் 10 விநாடி. மறுநாளே பெரகுத் மலை நேர ஓட்டத்தில் இரண்டாவதாக வந்தார். 12 பேரில் மிக மலிவான கெட்ட நாள் இவருடையதுதான். 2024 ஏப்ரலில் விபத்தில் நுரையீரல் பாதிக்கப்பட்டு, அதே ஜூலையில் டூரில் இரண்டாவதாக வந்த மனிதர். என் கணிப்பில் இவர் முதல் ஐந்துக்குள் வருவது உறுதி. ஆனால் 36இல் ஒன்றாக வரும் கெட்ட நாளுக்காகக் காத்திருக்கும் பந்தயத்தில், மற்ற 35இலும் பொகாச்சர் கொஞ்சம் மேலே இருக்கிறார்.

1951இல் கோப்பி அரை மணி நேரத்துக்கு மேல் இழந்தார். அதை அவர் அட்டையில் ஏற்றினால் அவர் கடைசி இடம்தானே?
— நூலகர், மயிலாடுதுறை

இந்தக் கேள்விதான் என்னை இரண்டு இரவு தூங்கவிடவில்லை.

கோப்பியின் தம்பி செர்ஸேயும் சைக்கிள் வீரர். 1951ஆம் ஆண்டு ஜூன் 29 அன்று இத்தாலியின் துரின் நகரில் நடந்த பந்தயத்தில் விழுந்து, அன்றே இறந்துபோனார். ஐந்து நாளில் டூர் டி பிரான்ஸ் தொடங்கியது. கோப்பி வந்தார். கார்கஸோனிலிருந்து மொன்பெலியே செல்லும் வெயில் கட்டத்தில் அவர் உடல் முழுவதுமாக நின்றுபோனது. அணித் தோழர்கள் அவரைச் சூழ்ந்து அழைத்துவந்து சேர்த்தார்கள். இழப்பு அரை மணிக்கும் மேல்.

இதை அட்டையில் ஏற்றுவதா? ஒரு தேர்வறையில், அப்பா இறந்து ஐந்தாம் நாள் வந்து எழுதிய மாணவனின் விடைத்தாளை நான் திருத்தியிருக்கிறேன். அவனுக்கு அன்று கிடைத்த மதிப்பெண் அவன் கணக்குத் திறமையின் அளவு அல்ல என்று எனக்குத் தெரியும். ஆனாலும் தாளில் இருப்பதற்குத்தான் மதிப்பெண் போட்டேன். பகடைக்கும் எனக்கும் அதே சிக்கல். விபத்தும் நோயும் பயமும் பந்தயத்தின் பகுதி என்றால் துக்கமும் பகுதிதானே என்று நீங்கள் கேட்கலாம்.

நான் எடுத்த முடிவு இது. மொன்பெலியேயின் அரை மணியை ஏற்றவில்லை. அதற்குப் பதில் 1949ஐ எடுத்துக்கொண்டேன். அந்த ஆண்டு சேன்-மாலோ போகும் கட்டத்தில் கோப்பி விழுந்து சைக்கிள் நொறுங்கியது. கிடைத்த மாற்றுச் சைக்கிள் அவருக்குரியது அல்ல. இனி ஓட மாட்டேன் என்று நின்றுவிட்டார். மேலாளர் ஆல்ஃப்ரெதோ பிந்தா கெஞ்சிக் கூத்தாடி ஓடவைத்தார். அன்று முடிவில் முதலிடத்தில் இருந்தவருக்கும் கோப்பிக்கும் இடையே அரை மணிக்கும் மேல் இடைவெளி. அந்தப் பந்தயத்தைத்தான் அவர் 10 நிமிடம் 55 விநாடி வித்தியாசத்தில் வென்றார். இரண்டாவது வந்தவர் பார்த்தாலி. ஜூலை 18, பிரியான்சோன் கட்டத்தில் இருவரும் மற்றவர்களை விட்டு ஒன்றாக ஏறினார்கள். அன்று பார்த்தாலிக்கு 35வது பிறந்தநாள். கட்டத்தை அவருக்கு விட்டுக்கொடுத்தார் கோப்பி. மறுநாள் பார்த்தாலி சறுக்கியபோது தனியே போய் மஞ்சள் ஜெர்சியையும் எடுத்துக்கொண்டார்.

ஆகவே கோப்பியின் கெட்ட நாளுக்கு 12 நிமிடம் என்று போட்டிருக்கிறேன். 12 பேரில் இதுதான் மிக அதிகம். மறுநாள் எண்ணும் அவருக்குத்தான் மிக அதிகம். மொன்பெலியேக்குச் சில நாள் கழித்து, தம்பியை இழந்த அதே மனிதர், இஸுவார் மலையைத் தனியே கடந்து பிரியான்சோனில் கட்டத்தை வென்றார். அந்த ஆண்டு அவர் டூரை வெல்லவில்லை. ஆனால் அந்த ஒரு நாளை ஏற்றாமல் என்னால் அட்டையை மூட முடியவில்லை. துக்கத்தை நீக்கிவிட்டுத் துக்கத்திலிருந்து எழுந்ததை மட்டும் சேர்ப்பது எந்த விதியில் நியாயம் என்று கேட்பீர்கள். எந்த விதியிலும் இல்லை. இந்த ஓர் இடத்தில் விதியை மீறியிருக்கிறேன் என்பதை எல்லோருக்கும் தெரியச் சொல்லிவிடுகிறேன்.

மழை பெய்தால் யாருக்கு லாபம்?
— விவசாயி, தஞ்சாவூர் மாவட்டம்

கோலுக்கும் இனோவுக்கும். ஒவ்வொரு மலைக் கட்டத்துக்கும் வானிலைக்கென்று ஒரு பகடை தனியே உருட்டுவேன். ஆறு விழுந்தால் குளிரும் மழையும். 1956 இத்தாலியப் பந்தயத்தில் மோன்தே போந்தோனே மலையில் பனி கொட்ட, பலர் விலகி ஓட, 16 நிமிடத்துக்கு மேல் பின்தங்கியிருந்த கோல் அன்று ஒரே நாளில் முதலிடத்தைப் பிடித்தார். 1980இல் லியேஜ் ஒருநாள் பந்தயத்தில் பனியில் ஒன்பது நிமிடத்துக்கு மேல் முன்னிலையில் வென்றவர் இனோ. அவர் விரல்களில் அந்தக் குளிரின் பாதிப்பு பிறகும் இருந்தது. அதே ஆண்டு டூரில் முழங்கால் வலியால் மஞ்சள் ஜெர்சியோடு இரவோடு இரவாகப் பந்தயத்தை விட்டுப் போனார். எனவே அவர் அட்டையில் குளிருக்குக் கூடுதல் புள்ளியும், இரண்டாம் கெட்ட நாள் வந்தால் விலகல் என்ற குறிப்பும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன.

ஃபின்யோனுக்கு நீட்டுக் கைப்பிடி கொடுப்பீர்களா?
— சைக்கிள் கடைக்காரர், ஈரோடு

கொடுத்துவிட்டேன்! 1989இல் கடைசி நாள், வெர்சாய் முதல் பாரிஸ் வரை 24.5 கிலோமீட்டர் நேர ஓட்டம். ஃபின்யோன் 50 விநாடி முன்னிலை. லெமண்ட் முன்னோக்கி நீண்ட கைப்பிடியில் முழங்கையை ஊன்றி, காற்றைக் கிழித்துக்கொண்டு போனார். ஃபின்யோன் சாதாரணக் கைப்பிடியோடு, பின்னல் காற்றில் பறக்க, உட்காரும் இடத்தில் புண்ணோடு ஓடினார். மூன்று வாரப் பந்தயத்தை லெமண்ட் 8 விநாடியில் வென்றார்.

என் கடைசிக் கட்டமும் அதே சாலை, அதே 24.5 கிலோமீட்டர். எல்லோருக்கும் ஒரே கைப்பிடி. லெமண்டுக்கு இது அநியாயம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். புதுக் கருவியை நம்பி எடுத்த துணிவும் திறமைதான் என்கிறார். ஒப்புக்கொள்கிறேன். அந்தத் துணிவுக்காக அவருக்கு நேர ஓட்டத்தில் அரைப் புள்ளி கூடுதல்.

ஆம்ஸ்ட்ராங், பந்தானி, இந்துராயின் ஏன் இல்லை?
— வழக்கறிஞர், மதுரை

ஆம்ஸ்ட்ராங்கின் ஏழு பட்டங்களும் ஊக்கமருந்து காரணமாக 2012இல் பறிக்கப்பட்டன. வெல்லாதவருக்கு எப்படி எண் போடுவது? பந்தானி 1998இல் மழையில் கலிபியே மலையில் பறந்த காட்சி இன்றும் என் கண்ணில் நிற்கிறது. ஆனால் அந்த டூரின் சிறுநீர் மாதிரிகளில் இபிஓ என்ற ஊக்கமருந்து இருந்ததை 2013இல் பிரெஞ்சு செனட் அறிக்கை வெளியிட்டபோது அவர் பெயரும் அதில் இருந்தது.

இந்துராயின் மீது அப்படித் தீர்ப்பு ஏதும் இல்லை. நான் யாரையும் குற்றம் சொல்லவில்லை. 1991 முதல் 2005 வரையான ஆண்டுகளை மொத்தமாகவே எடுத்துக்கொள்ளவில்லை என்பதுதான் காரணம். இபிஓ சிவப்பணுக்களைப் பெருக்கி, வாரக்கணக்கில் உடலின் ஆற்றலையே உயர்த்துவது. அந்தக் காலத்தில் ஒருவர் மற்றவரை எவ்வளவு விட்டுச் சென்றார் என்ற என் அளவுகோல், அங்கே எதை அளக்கிறது என்றே சொல்ல முடியாது.

அப்படியானால் பழையவர்கள் சுத்தமா என்று கேட்பீர்கள். இல்லை. ஊக்கமருந்து எடுத்ததை அங்க்தில் வெளிப்படையாகவே பேசினார். மெர்க்ஸ் 1969இல் சவோனாவில் சோதனையில் சிக்கி இத்தாலியப் பந்தயத்திலிருந்து வெளியேற்றப்பட்டார். அவர் மறுத்தே வந்திருக்கிறார். அன்றைய ஆம்பெட்டமைன் களைப்பை மறைக்கும், இபிஓபோல வாரக்கணக்கில் ஆற்றலை உயர்த்தாது. மறைத்ததன் விலையை 1967இல் வந்தூ மலையில் டாம் சிம்ப்சன் தன் உயிரால் கொடுத்தார்; வயது 29. இரண்டையும் ஒன்றாக்க முடியாது என்பது என் முடிவு. உங்கள் நீதிமன்றத்தில் இது நிற்குமா என்று தெரியாது. என் மேசையில் நிற்கும்.

பெண்கள் ஏன் ஒருவர்கூட இல்லை?
— வாசகி, காரைக்கால்

அடுத்த பந்தயம் அவர்களுடையது. அட்டைகள் தயாராகிக்கொண்டிருக்கின்றன: மரியான் மார்ட்டின், மரியா கனின்ஸ், ழானி லோங்கோ, அன்னமீக் ஃபன் ஃப்லூட்டன், டெமி ஃபொல்லரிங், கட்டார்ஷினா நியவியதோமா, போலின் ஃபெரான்-ப்ரெவோ. 2024 பெண்கள் டூரில் எட்டுக் கட்டங்கள் முடிந்து அல்ப் துவே உச்சியில் நியவியதோமா ஃபொல்லரிங்கை வென்ற வித்தியாசம் 4 விநாடி! எட்டே கட்டம் ஓடினால் கெட்ட நாள் வரும் வாய்ப்பு நூற்றுக்கு 20தான். ஆனால் வந்தால் மீள நாள் போதாது. விதிகளை வேறாக எழுத வேண்டியிருக்கிறது. அதற்காகத்தான் தனியே வைத்தேன்.

சரி, வெல்லப்போவது யார்? மழுப்பாமல் சொல்லுங்கள்.
— பலரும்

கோப்பி. அடுத்து பொகாச்சர், மெர்க்ஸ் என்ற வரிசையில்.

நோட்டில் முதல் மூன்று எண்களை மட்டும் கூட்டினால் மெர்க்ஸ்தான் முதல். கெட்ட நாளின் விலையைச் சேர்த்தால் பொகாச்சர் எட்டிப் பிடிக்கிறார். மறுநாளையும் சேர்த்தால், கோப்பியின் கெட்ட நாள் முதல் பத்துக் கட்டங்களுக்குள் வந்துவிட்டால், அதற்குப் பிறகு அவரை யாரும் தடுக்க முடியாது. பதினெட்டாம் கட்டத்துக்குப் பிறகு வந்தால் அவர் தொலைந்தார். அங்க்தில் என்னை ஏமாற்றக்கூடும். 1964இல் அந்தோராவில் ஓய்வு நாள் விருந்துண்டு, மறுநாள் காலை அன்வலிரா கணவாயில் பின்தங்கி, பனிமூட்ட இறக்கத்தில் உயிரைப் பணயம் வைத்துப் பாய்ந்து அன்றே மீண்டவர் அவர். கெட்ட நாளும் மறுநாளும் ஒரே நாளில்!

உங்களுக்கு வேண்டியவர் மெர்க்ஸ் என்று ஓரிடத்தில் சொல்லியிருக்கிறீர்கள். மனதார யார் வெல்ல வேண்டும்?
— இல்லத்தரசி, புதுச்சேரி

நம் ஊர்க்காரராகக் கேட்கிறீர்கள், மறைக்க முடியாது. மெர்க்ஸ் என் மதிப்புக்குரியவர். மனதுக்குரியவர் புலிதோர்.

என் பெரியப்பா பிரெஞ்சுப் படையில் இருந்தார். நம் ஊரில் எத்தனையோ வீடுகளில் இருந்ததுபோலத்தான். 1964இல் க்ளெர்மோன்-ஃபெரானில் இருந்தார். ஜூலை 12 அன்று பக்கத்து எரிமலையான புய் த தோமில் பந்தயம் ஏறியபோது சாலையோரம் நின்றார். அங்க்திலும் புலிதோரும் ஒருவர் தோளோடு ஒருவர் தோள் இடிக்க, ஒருவரையொருவர் பார்க்காமல் ஏறிப் போனதை, விடுமுறைக்கு வரும்போதெல்லாம் எங்கள் வீட்டுத் திண்ணையில் கையை முட்டுக் கொடுத்து நடித்துக் காட்டுவார். உச்சியில் புலிதோர் 42 விநாடி எடுத்தார். அங்க்திலின் கையில் 14 விநாடி மிஞ்சியது. எட்டுமுறை முதல் மூன்று இடங்களுக்குள் வந்த புலிதோர், ஒருநாள்கூட மஞ்சள் ஜெர்சி அணியாமலே 2019இல் மறைந்தார். 2021இல் அவருடைய பேரன் மாத்யூ ஃபன் டெர் பூல் மஞ்சள் ஜெர்சியை வென்று வானத்தைப் பார்த்துக் கை நீட்டியபோது, பெரியப்பா இருந்திருக்கலாமே என்று அழுதேன்.

புலிதோரின் அட்டையில் நான் ஒரு புள்ளிகூடக் கூட்டவில்லை. மலை எட்டு, நேர ஓட்டம் ஏழு, மறுநாள் ஏழு. என் கணக்கில் அவர் ஆறாவதாக வர வேண்டும்.

கட்டத்தை வெல்பவருக்கு நேரக் கழிவு உண்டா?
— வங்கி ஊழியர், சேலம்

உண்மையான டூரில் அப்போதும் இருந்தது, இப்போதும் இருக்கிறது. முதலில் வருகிறவர்களுடைய மொத்த நேரத்திலிருந்து சில விநாடிகளைக் கழிப்பார்கள். 1964இல் கட்டத்தை வென்றவருக்கு ஒரு நிமிடம் கழிவு. மொனாக்கோவில் ஓடுதளத்துக்குள் நுழைந்த புலிதோர் கோட்டை முதலில் கடந்து, வென்றதாக நினைத்து மிதிப்பதை நிறுத்தினார். இன்னும் ஒரு சுற்று இருந்தது. கட்டமும் அந்த ஒரு நிமிடமும் அங்க்திலுக்குப் போயின. பாரிஸில் புலிதோர் தோற்றது 55 விநாடியில்.

என் பந்தயத்தில் நேரக் கழிவு கிடையாது.